பதினொரு முறை பழுதான தபால் பெட்டி

மிடெல்வீன் ஊரில் யாருக்காவது தபால் பெட்டி வேண்டுமென்றால் டோல்ஸ்மா ஹார்டுவேர் கடைக்குத்தான் வர வேண்டும். உள்ளே மூன்றாவது வரிசையில் வெர்லின் நிற்பான். வயது ஐம்பத்தேழு. மூடியின் கொண்டி எப்படிக் கவ்வ வேண்டும், சிவப்புக் கொடி எந்தப் பக்கம் இருக்க வேண்டும், தபால்காரர் காரை விட்டு இறங்காமலே கை எட்டுவதற்குப் பெட்டியின் அடிப்பாகம் சாலையிலிருந்து எத்தனை அங்குல உயரத்தில் நிற்க வேண்டும் என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அந்த மாவட்டத்திலேயே படுகேவலமான தபால் பெட்டி யாருடையது என்று கேட்டாலும் அவனையேதான் காட்ட வேண்டும்.

இந்தப் பெருமையெல்லாம் ஒரே குளிர்காலத்தில் வந்து சேர்ந்தது.

ஜனவரியில் பனி தள்ளும் லாரி எறிந்த பனிக்கட்டி பட்டு, அவன் வீட்டுப் பெட்டியின் மூடி கீலோடு தொங்கிப்போனது. இரண்டு வாரம் அதை அப்படியே விட்டுவைத்தான். நாள் முழுக்க ஊரார் பெட்டிகளைப் பற்றிப் பேசிவிட்டு வருகிறவனுக்கு வீட்டில் தன் பெட்டியைத் தொட எங்கே மனம் வரும்? ஒருநாள் மின்சார பில்லோடு ஓர் அட்டை வந்தது. தபால் அலுவலகம் அச்சடித்த அட்டைதான். மூடி, கொடி, கம்பம், உயரம், வீட்டு எண் என்று வரிசையாகப் போட்டு, பக்கத்தில் கட்டங்கள் இருந்தன. மூடிக்கு நேரே ஒரு டிக். குறிப்பு எழுதுவதற்கென்று அடியில் விட்டிருந்த இரண்டு கோட்டில் நீல மையில் எழுதியிருந்தது:

"மூடி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. உள்ளே பனி குடியேறிவிட்டது. பனிக்கும் உங்கள் பில்லுக்கும் சேர்த்து அங்கே இடமில்லை. யாராவது ஒருவரைக் காலி செய்யச் சொல்லுங்கள். ஆர்டிஸ்."

சமையலறையில் தனியாக நின்றுகொண்டு வெர்லின் சத்தமாகச் சிரித்தான். சிரித்த சத்தம் கேட்டு அவனே திடுக்கிட்டான். மனைவி பிரிந்துபோய் ஆறு வருடமாகிறது. அந்த ஆறு வருடத்தில் விதைக் கம்பெனியும் காப்பீட்டுக் கம்பெனியும் தவிர, அவனுக்கென்று உட்கார்ந்து நாலு வரி எழுதிய முதல் ஆள் இந்தத் தபால்காரம்மாதான்.

அன்றைக்கே கீலை மாற்றினான். மறுநாள் இன்னொரு அட்டையின் பின்பக்கத்தில் எழுதி வந்தது: "இப்போது நன்றாக மூடுகிறது. பனி வீடு தேடிப் போய்விட்டது. நன்றி." இரண்டையும் கரண்டிகள் வைக்கும் இழுப்பறையில் பத்திரப்படுத்தினான். கரண்டிகளை மேஜைமேல் கொட்டிவிட்டான். ஒற்றை ஆளுக்கு எத்தனை கரண்டி வேண்டும்?

அதற்குப் பிறகு பெட்டி சும்மா இருந்தது. தினமும் கடையிலிருந்து வந்ததும் முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினான். பில், விளம்பரம், விதைப் புத்தகம். அட்டை மட்டும் இல்லை. மூன்றாவது வாரம்தான் அவன் புத்திக்கு எட்டியது. பெட்டி நன்றாக இருந்தால் அவள் எதற்காக எழுதப் போகிறாள்?

அத்தோடு அவனுடைய கெட்ட காலம் ஆரம்பித்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கோட்டின் காலரை உயர்த்திவிட்டுக்கொண்டு, சொந்தப் பெட்டியிடமே திருடனைப் போலப் போய்க் கொடியின் திருகாணியைத் தளர்த்திவிட்டு வந்தான். தபால் எடுத்துப்போகச் சொல்லி நிமிர்த்தி வைக்கும் கொடி அது. மறுநாள் அட்டை வந்தது: "கொடி குப்புறப் படுத்திருக்கிறது. உடம்புக்கு என்ன?" கேட்பது கொடியின் உடம்பையா, தன் உடம்பையா என்று அன்று சாப்பாட்டு நேரம் முழுக்க யோசித்தான். உருளைக்கிழங்கு ஆறிப்போனது.

பிறகு வீட்டு எண். 2847 என்பதில் கடைசி ஏழைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "இந்தச் சாலையில் 284 என்ற இடத்தில் குளம்தான் இருக்கிறது. உங்கள் தபாலை வாத்துகளிடம் கொடுத்துவிடட்டுமா?" என்று வந்தது. வெர்லின் அந்த அட்டையை இரண்டு நாள் கடைக்கே எடுத்துப் போனான். ஆணி எடை போடுகிற நேரத்தில் வாத்து நினைவு வந்து தனியாகச் சிரித்தான். கம்பத்தைச் சாய்த்தான். கொண்டியை நெளித்தான். மறுபடி கொடி. கெடுப்பதற்குக் கால் மணி, அட்டை வந்ததும் சரிசெய்ய அரை மணி. இந்த உழைப்பைக் கடையில் காட்டியிருந்தால் அக்கா அவனைப் பங்குதாரராகவே ஆக்கியிருப்பாள்.

ஆர்டிஸைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் கொஞ்சம்தான். கணவனை இழந்தவள், பக்கத்து ஊர்த் தேவாலயத்துக்குப் போகிறவள், இந்தத் தடத்துக்கு வந்து ஒரு வருடம். புதன்கிழமை அவனுக்கு விடுமுறை. பதினொன்றே காலுக்குச் சமையலறைத் திரைக்குப் பின்னால் நின்றுகொள்வான். அந்த ஊர்க் கார்களில் ஸ்டீயரிங் இடப்பக்கம். சாலையோரப் பெட்டிக்குக் கை எட்ட வேண்டுமே என்று, தபால்காரர்கள் உட்காருகிற விதமாக வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, இடக்காலைப் பெடலுக்கு நீட்டி, இடக்கையால் ஓட்டிக்கொண்டே வருவாள். ஜன்னலில் ஒரு பச்சைச் சால்வையும் ஒரு வலது கையும் தெரியும். கை பெட்டியைத் திறக்கும், மூடும், போய்விடும். வெளியே போய் ஒரு வணக்கம் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று ஒவ்வொரு புதனும் கேட்டுக்கொள்வான். கேட்டுக்கொண்டு திரைக்குப் பின்னாலேயே நிற்பான்.

பதில் எழுதலாம் என்று தோன்றாமல் இல்லை. பேனாவை எடுத்து "அன்புள்ள" என்று எழுதினாலே காது சூடாகிவிடும். இந்த வயதில் இது என்ன கூத்து என்று கசக்கிப் போட்டுவிட்டுத் திருப்புளியை எடுத்துக்கொண்டு வெளியே போவான். திருப்புளியைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று நினைத்தான்.

அக்கா மர்னா சிரித்தாள். கடையில் கல்லாவில் உட்காருகிறவள் அவள்.

"டேய், இது நாலாவது கொடி. உன் வீட்டுல என்ன, ஊர்வலமா விடுற?"

"காத்து அதிகம்க்கா அங்க."

"காத்து திருகாணியைக் கழட்டி, பத்திரமா உன் சட்டைப்பையில போட்டுட்டுப் போகுதா?"

வெர்லின் குனிந்து பார்த்தான். பையிலிருந்து திருகாணியும் அந்த ஏழும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"என்னமோ பண்ணுற. என்னன்னுதான் தெரியல" என்றாள் மர்னா. "நேத்து ஒருத்தர் பெட்டி வாங்க வந்துட்டு, 'வெர்லின் வீட்டுல இருக்கிற மாதிரி வேண்டாம்'னு சொல்லிட்டுப் போறாரு. மானம் போகுதுடா."

ஏப்ரலில் தரை இளகியதும் வெர்லின் தன் மூளையின் உச்சத்தைத் தொட்டான். கம்பத்தைப் பிடுங்கி, குழியை ஆழமாக்கி, பெட்டியை ஐந்து அங்குலம் தாழ்த்தி, சாலை ஓரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி நட்டான். "பெட்டி குனிந்துகொண்டே போகிறதே, வெட்கமா?" என்று வந்தது. மற்ற பழுதுகளைப் போல உடனே சரிசெய்யாவிட்டால் அட்டை தொடர்ந்து வரும் என்று கண்டுபிடித்தான். அப்படியே விட்டான். அடுத்த வாரம், "இன்னும் குனிந்தே இருக்கிறது" என்று வந்தது. அதற்கடுத்ததில் நகைச்சுவை இல்லை. "தயவுசெய்து உயர்த்துங்கள்" என்று மட்டும் இருந்தது. கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருப்பதையும் பார்த்தான். ஓடுகிற காரில் எழுதியிருப்பாள் என்று நினைத்து, அதற்கும் சேர்த்து மகிழ்ந்துபோனான். ஆறு வாரம் பெட்டி அப்படியே நின்றது.

ஜூன் முதல் திங்கட்கிழமை மர்னா கடைக்குள் வரும்போதே கைப்பையைக் கல்லாமேல் தொப்பென்று போட்டாள்.

"விஷயம் தெரியுமா? ஆர்டிஸைக் கூப்பிட்டு விசாரிக்கிறாங்களாம்."

"யாரை?"

"உன் தபால்காரம்மாவை. அஞ்சு மாசத்துல ஒரே வீட்டுக்குப் பதினொரு அட்டை எழுதியிருக்கா. அந்த வீட்டுக்காரன் மேல ஏதோ கடுப்புல தொந்தரவு பண்ணுறான்னு மேலேயிருந்து கேட்டிருக்காங்க. நேத்து சர்ச்சுல காபி குடிக்கும்போது எல்லாரும் இதைத்தான் பேசினாங்க. இந்த ரூட்டை அவகிட்டேயிருந்து எடுத்துடுவாங்கபோல. பேருல ஒரு கரும்புள்ளி வேற."

வெர்லின் கையிலிருந்த ஆணிப்பொட்டலம் தரையில் விழுந்து சிதறியது.

"எந்த வீடுன்னு நான் கேக்கல" என்றாள் மர்னா. "கேக்கவும் வேண்டாம். நீ எதையாவது உடைச்சா உன் மூஞ்சியில தெரியும். அஞ்சு வயசுலயே அப்படித்தான்."

வெர்லின் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் தெருவைக் கடந்து தபால் அலுவலகத்துக்குப் போனான். போகிற வழியில் தன்னைத் தானே திட்டிக்கொண்டு போனான். இவனுக்கு எழுத்து வேண்டுமாம், அதற்காக அவள் வேலைக்கு உலை வைத்திருக்கிறான். காதலிக்கிறவன் பூ கொடுப்பான், இல்லாவிட்டால் கேக் கொடுப்பான். இவன் விசாரணை கொடுத்திருக்கிறான்.

கவுண்டரில் போஸ்ட்மாஸ்டர் கெர்ட் நின்றுகொண்டிருந்தான். வெர்லினோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. வரிசையில் பாதிரியாரின் மனைவி ஒரு பார்சலோடு நின்றாள், அவளுக்குப் பின்னால் இரண்டு விவசாயிகள். வெர்லின் வரிசையை மதிக்கவில்லை.

"கெர்ட், அந்த அம்மா மேல தப்பே இல்ல. பெட்டியைக் கெடுத்தது நான்."

"யோவ், பெட்டி கெட்டுப்போச்சுன்னுதானே அட்டை எழுதுறாங்க. அது தெரியுது. பதினொரு தடவை எப்படிய்யா கெடும்?"

"கெடல. கெடுத்தேன். நானே. திருப்புளியால."

கெர்ட் கண்ணாடியைக் கழற்றினான். "எதுக்கு?"

பாதிரியாரின் மனைவி பார்சலைக் கீழே வைத்துவிட்டு வசதியாக நின்றுகொண்டாள். பொய் ஏதாவது கிடைக்குமா என்று வெர்லின் மண்டைக்குள் தேடிப் பார்த்தான். காற்றைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. காற்று ஏற்கனவே அக்காவிடம் செலவாகிவிட்டது.

"பெட்டி நல்லா இருந்தா அவங்க எழுத மாட்டாங்க" என்றான். "எழுதினா எனக்கு நல்லா இருந்துச்சு. அவ்வளவுதான். எழுதிக்கோ, வேணும்னா கையெழுத்துப் போட்டுத் தரேன்."

பின்னால் இருந்த விவசாயிகளில் ஒருவர் இருமினார். அது இருமல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

தபால் பிரிக்கிற அடுக்குகளுக்குப் பின்னாலிருந்து ஆர்டிஸ் வெளியே வந்தாள். அவள் எழுந்து நின்று வெர்லின் பார்த்ததே இல்லை. அவனைவிட ஒரு தலை உயரமாக இருந்தாள். ஐந்து மாதமாகக் கனவில் அவள் அவன் தோளில் சாய்ந்திருக்கிறாள். அதற்கு அவள் முழங்காலை மடக்க வேண்டியிருக்கும்.

"பெட்டி விக்கிற ஆளுக்குத் தன் பெட்டியைப் பாத்துக்கத் தெரியலையேன்னு பரிதாபப்பட்டு எழுதினேன்" என்றாள். "வேணும்னே பண்ணினீங்களா?"

"ஆமாங்க."

"உயரத்தையும்?"

"ஆமாங்க."

அவள் இடக்கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு நாளைக்கு நானூத்திப் பன்னிரண்டு பெட்டி. நானூத்திப் பதினொண்ணுக்குக் கையை நீட்டினாப் போதும். உங்க ஒண்ணுக்கு மட்டும் இடுப்புவரைக்கும் ஜன்னலுக்கு வெளியே தொங்கணும். ஆறு வாரமா இந்தத் தோள்ல ஐஸ் பையைக் கட்டிக்கிட்டுச் சமைக்கிறேன். பேனா பிடிக்க முடியல எனக்கு."

வெர்லின் அவள் தோளையே பார்த்தான். கோணலான அந்தக் கையெழுத்தைத் தான் எத்தனை முறை கொஞ்சினோம் என்று நினைத்தபோது அங்கேயே குழி தோண்டிப் புதைந்துகொள்ளலாம் போலிருந்தது. தன்னை மடையன் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவனுக்கு, மடத்தனத்தின் வலியை இன்னொருத்தி சுமந்துகொண்டிருந்தாள் என்பது இப்போதுதான் உறைத்தது. வெட்கத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது.

"மன்னிச்சிடுங்க" என்றான். "அது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருக்கணும். உயர அளவை ஊருக்கெல்லாம் சொல்றவன் நான்தான்."

"இன்னொண்ணும் சொல்லிடுறேன்" என்றாள் ஆர்டிஸ். "ஊருக்கெல்லாம் கடிதம் கொண்டு போறவ நான். எனக்கு வர்றது பல் டாக்டர் அனுப்புற ஞாபகச் சீட்டு. நான் பதினொரு தடவை எழுதினேன். நீங்க ஒரு வரி எழுதினீங்களா? குழி தோண்டத் தெரியுது, கம்பம் நடத் தெரியுது. பேனா மட்டும் கனமா இருக்கோ?"

சொல்லிவிட்டு அடுக்குகளுக்குப் பின்னால் போய்விட்டாள். கெர்ட் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அவ மேல இருக்கிற புகாரை நான் மூடிடுறேன். ஆனா உன் பெட்டிக்கு இன்னைலேர்ந்து தபால் கிடையாது. எல்லாம் அளவுப்படி நிக்கணும். புதன்கிழமை அவளே வந்து பாப்பா. அவ சரின்னா சரி. இல்லேன்னா தினமும் இங்க வந்து வரிசையில நின்னு வாங்கிக்கோ." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "பள்ளிக்கூடத்துலயும் நீ இப்படித்தான்யா. பிடிச்ச பொண்ணோட சைக்கிள்ல காத்தைப் பிடுங்கி விடுவ."

செவ்வாய்க்கிழமை முழுக்க வெர்லின் பெட்டியோடு இருந்தான். புதுக் கம்பம், புது மூடி, புதுக் கொடி, 2847-இன் நாலு எண்ணும் முழுசாக. காரைச் சாலையோரமாக நிறுத்தி மர்னாவை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, தான் வலப்பக்கம் உட்கார்ந்து கையை நீட்டிப் பார்த்தான்.

"உன் கை குட்டைடா" என்றாள் மர்னா. "அவளுக்கு நீளம். ஆனா தோள் வலிக்குது. அதனால உன் கைக்கே வை. முதல் தடவையா உன் குட்டைக்கை ஒருத்திக்குப் பிரயோஜனப்படட்டும்."

"சும்மா இரு, அக்கா."

"எழுதினியா?"

"என்ன?"

"என்னன்னு என்னையே கேக்குறான் பாரு. அவ ஊரைக் கூட்டி வச்சுச் சொல்லியிருக்கா. பாதிரியார் பொண்டாட்டி வீடு வீடா சொல்லிக்கிட்டிருக்கா. ஊருக்கே தெரிஞ்ச ரகசியத்தை எழுத உனக்கு என்னடா கூச்சம்?"

அன்று சாயங்காலம் மேஜைமேல் கிடந்த கரண்டிகளை ஒதுக்கிவிட்டு எழுதினான். முதல் பக்கம் முழுக்கத் தோளுக்காக மன்னிப்பு. அதில் நகைச்சுவையாக ஒன்றும் வைக்கவில்லை. இரண்டாவது பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. அவளுடைய அட்டைகள் வந்த நாட்களில் வீட்டில் இன்னொரு ஆள் இருப்பது போல இருந்தது என்றும், அவளை இன்னும் தெரிந்துகொள்ள ஆசை என்றும், ஞாயிற்றுக்கிழமை தன்னோடு சாப்பிட வர முடியுமா என்றும் எழுதினான். எழுதியதைத் திரும்பப் படித்தால் கிழித்துவிடுவான் என்று தெரியும். படிக்காமலே உறையில் போட்டு ஒட்டினான்.

புதன்கிழமை பதினொன்றே காலுக்குத் திரைக்குப் பின்னால் நிற்காமல் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றான். கொடி நிமிர்ந்திருந்தது. கார் வந்து நின்றது. ஆர்டிஸ் கையை நீட்டினாள். முழங்கை ஜன்னல் விளிம்பிலேயே இருந்தது, தோள் அசையவில்லை. மூடியை இரண்டு முறை திறந்து மூடினாள். எண்ணைப் படித்தாள். கம்பத்தை ஒரு குலுக்குக் குலுக்கினாள். பிறகு உள்ளே கைவிட்டு உறையை எடுத்தாள். தன் பெயரும் தன் முகவரியும் எழுதியிருப்பதைப் பார்த்தாள். உறையின் மூலையைக் கட்டைவிரலால் தடவினாள்.

"ஸ்டாம்ப் எங்க?"

"உங்களுக்குத்தானே... நீங்களே எடுத்துக்குவீங்கன்னு..."

"ஸ்டாம்ப் ஒட்டாம இந்தப் பெட்டிக்குள்ள யாரும் எதையும் வைக்கக் கூடாது. பெட்டி விக்கிறவருக்கு இதையும் நான் சொல்லணுமா?"

வெர்லின் பைகளைத் துழாவினான். ஒரு ஸ்பானர், அளவு நாடா, மூன்று திருகாணிகள். ஐம்பத்தேழு வருடத்தில் முதல்முறையாக ஒரு பெண்ணுக்கு மனதைத் திறந்து எழுதியிருக்கிறான், அதற்கு ஸ்டாம்ப் ஒட்டவில்லை. வீட்டுக்குள் ஓடலாமா, அக்காவைக் கூப்பிடலாமா, சோளக்காட்டுக்குள் போய் அப்படியே மறைந்துவிடலாமா என்று விழித்துக்கொண்டு நின்றான்.

ஆர்டிஸ் இருக்கைக்குப் பக்கத்திலிருந்த தகர டப்பாவைத் திறந்தாள். அதிலிருந்து ஒரு தபால்தலையை எடுத்து உறையின் மூலையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். ஓரங்கள் தூக்கிக்கொள்ளாமல் இருக்க இன்னொரு முறை நன்றாக அழுத்தினாள்.

"இப்பவே பிரிச்சுப் படிக்கலாமே" என்றான் வெர்லின்.

"வேலை நேரத்துல என் தபாலை நானே பிரிக்கக் கூடாது. இது நகரத்துக்குப் போய் முத்திரை குத்தி வரணும். சனிக்கிழமை என் வீட்டுக்கு வரும். என் வீடு வேற ஆளோட ரூட்." உறையை மற்ற கடிதங்களோடு தட்டில் சேர்த்தாள். "நல்ல சேதிதானே?"

"முதல் பக்கம் மன்னிப்பு."

"ரெண்டாவது பக்கம்?"

வெர்லின் குனிந்து, இறுகியிருந்த கொடித் திருகாணியைக் கையாலேயே இன்னொரு முறை இறுக்கினான். ஆர்டிஸுக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. ஒரு விரலால் கொடியைக் கீழே இறக்கிவிட்டாள்.

"சரி, சனிக்கிழமை படிச்சுக்கிறேன். பதில் கண்டிப்பா எழுதுவேன், வெர்லின். அதுவரைக்கும் எதையும் உடைக்காம இருங்க."

சரியென்று அவன் தலையாட்டினான்.